முதல் நெடுவரிசையின் முதன்மை குறித்து ஒரு விசாரணை

கடையில் பில் போடும் மென்பொருளைப் பார்த்திருப்பீர்கள். வரிசை எண், பொருள், அளவு, விலை, தொகை என்று ஐந்து நெடுவரிசைகள் அடக்கமாக நிற்கும். ஐந்தும் சமம் என்பது பாமரர் கருத்து. அது பொருந்தாது என்பதே இவ்வாய்வின் துணிபு.

ஆய்வுப் பொருள், இத்தகைய பட்டியல்களைத் திரையில் காட்ட விண்டோஸ் 95 காலந்தொட்டு நம்மோடு இருந்துவரும் லிஸ்ட்வியூ என்னும் கருவி. நான்கைந்து விதமாகக் காட்சி தரவல்ல இது, ‘டீடெயில்ஸ்’ என்னும் கோலத்தில்தான் நெடுவரிசைகளாக விரியும். மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் அந்தக் கோலத்தைத் தேர்ந்துவிட்டு நெடுவரிசையைச் சேர்க்க மறந்தால், ஆயிரம் வரிகளை உள்ளே கொட்டினாலும் திரையில் ஒன்றும் தெரியாது. பிழைச்செய்தியும் வராது. வெள்ளைச் சதுரத்தை வெறித்தபடி புது நிரலாளர் தன் டேட்டாபேஸைச் சந்தேகிப்பார். நிற்க.

துணிபுக்குச் சான்றுகள் வருமாறு. ‘ஐட்டம்’ என்ற பட்டம் முதல் நெடுவரிசையில் உள்ளதற்கே உரியது. மற்றவை எல்லாம் ‘சப்ஐட்டம்’. குடும்ப அட்டையில் தலைவர் ஒருவர், ஏனையோர் உறுப்பினர் என்பதுபோல. டாட்நெட்டில் சப்ஐட்டம்களை எண்ணப் போனால் பூச்சியமாவது இடத்திலும் அந்தத் தலைவரே உட்கார்ந்திருப்பார். பெயரைத் திருத்தும் சலுகை அவருக்கு மட்டும். பட்டியலைப் பெரிய ஐகான் கோலத்துக்கு மாற்றினால் பொதுவாக மிஞ்சுபவரும் அவரே. ஆதியில் வரியைத் தேர்ந்தெடுக்கக்கூட அவர்மேல்தான் கிளிக் செய்ய வேண்டும். விலையின்மேல் எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை. 1996-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3-உடன் முழுவரித் தேர்வு வந்தது. அதையும் நிரலாளர் கேட்டுத்தான் பெற வேண்டும்.

பதவி என்றால் பத்தியமும் உண்டு. முதல் நெடுவரிசை இடப்பக்கமாகவே ஒதுங்கி நிற்க வேண்டும்; வலப்பக்கமாகவோ நடுவிலோ நிறுத்தச் சொன்னால் லிஸ்ட்வியூ கேட்டுக்கொள்ளாது. வரிசை எண்ணை அங்கே வைத்தவர் கதி என்ன? 9-க்குக் கீழே 10-இன் ஒன்று வந்து நிற்கும். ஒன்றாம் இடமும் பத்தாம் இடமும் ஒரே கோட்டில். கணக்குப்பிள்ளை பார்த்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

இதற்கு மைக்ரோசாஃப்டின் ஆவணமே ஒரு பரிகாரம் சொல்கிறது. முதலில் ஒரு போலி நெடுவரிசையை அரியணையில் ஏற்ற வேண்டும். உண்மையானவற்றை அதன் பின்னால் வலப்பக்கம் ஒதுக்கிச் சேர்க்க வேண்டும். வேலை முடிந்ததும் போலியை நீக்கிவிடலாம். பட்டாபிஷேகமும் பதவியிறக்கமும் பயனர் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். சிலர் நீக்காமல் அகலத்தைப் பூச்சியமாக்கி ஒளித்து வைப்பதுண்டு. ஓரக்கோட்டை எவராவது மவுஸால் பிடித்து இழுக்கும் நாளில் ஒளிந்திருந்தவர் வெளியே வருவார்.

மறுதரப்பார் ஒரு தடை எழுப்புவர்: தலைப்பைக் கிளிக் செய்தால் எந்த நெடுவரிசையும் பட்டியலை அடுக்குமே, அது சமத்துவம் அல்லவா? அல்ல. கிளிக் நிகழ்ந்தது என்ற தகவலை மட்டுமே லிஸ்ட்வியூ தரும். அடுக்குவது நிரலாளர் பாடு. டாட்நெட்டில் தானாக அடுக்கச் சொன்னால் முதல் நெடுவரிசையைக் கொண்டே அடுக்கும், அதுவும் எழுத்தாகப் பார்த்து. ஆகவே 10 முன்னே, 9 பின்னே. நிரலாளர் தாமே எழுதி, எழுத்துகளின் யூனிகோடு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் தமிழுக்கு வேறொரு வம்பு: ழகரத்தின் எண் வகரத்துக்கு முந்தியது. நம் நெடுங்கணக்கில் பவளத்துக்குப் பிறகு வரவேண்டிய பழம், திரையில் முந்திக்கொள்ளும்.

அகலம் பற்றிச் சுருக்கமாக. நிரலில் அகலம் -1 என்றால் உள்ளடக்கத்துக்கு ஏற்ப. -2 என்றால் தலைப்பையும் கணக்கில் கொண்டு. கடைசி நெடுவரிசைக்கு -2 கொடுத்தால் மிச்சமிருக்கும் இடம் முழுதும் அதற்கே. பயனருக்கும் ஒரு வழி உண்டு: கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு எண்பலகையின் கூட்டல் குறியைத் தட்டினால் எல்லா நெடுவரிசைகளும் ஒருசேர அளவுக்கு வரும். எண்பலகையே இல்லாத மடிக்கணினி வைத்திருப்போர் ஓரக்கோடுகளை ஒவ்வொன்றாக இருமுறை கிளிக் செய்துகொள்க.