கேளுங்கள், சொல்கிறேன்: பேராதனைப் பூங்கா

கேள்வி: பாடசாலைச் சுற்றுலா போகிறோம். கண்டியில் தலதா மாளிகை, குளம், பேராதனைப் பூங்கா மூன்றையும் ஒரே பகலில் முடித்துவிடலாமா?
– ஓர் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: முடித்துவிடலாம் டீச்சர், பார்க்கத்தான் முடியாது. பூங்கா மட்டுமே 147 ஏக்கர். மகியங்கனை தாண்டிப் 'பதினெட்டு வளைவு' வீதியில் ஏறி இறங்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் வாந்தியெடுத்துச் சோர்ந்திருப்பார்கள். நேரே பெரிய புல்வெளிக்குக் கூட்டிப் போய் விட்டுவிடுங்கள். அங்கே ஜாவா அத்தி என்று ஒரு மரம் நிற்கிறது. கிளைகள் நாலா பக்கமும் படர்ந்து தரைவரை தாழ்ந்திருக்கும். உங்கள் பிள்ளைகள் முழுப்பேரும் அதன் கீழே உட்கார்ந்தாலும் நிழல் மிஞ்சும். அரை மணித்தியாலம் அந்த மரத்தோடு இருக்கட்டும். மாளிகைக்கு இன்னொரு வருடம் போகலாம்.

கேள்வி: பூங்காவில் பனஞ்சாலை ஒன்று இருக்கிறதாம். பனை பார்க்க மட்டக்களப்பான் பேராதனைக்குப் போகவேண்டுமா?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: போய்ப் பாருங்கள். நாம் பனையை வேலிக்கும் ஓலைக்கும் கிழங்குக்கும் கள்ளுக்கும் பார்த்துப் பழகியவர்கள். அங்கே அதை அழகுக்காகவே வரிசையாக நட்டு, நடுவே பாதை விட்டிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தபடி நடக்கும்போதுதான் பனை எவ்வளவு கம்பீரமான மரம் என்று உறைக்கும்.

கையோடு செய்ஷெல்ஸ் தீவிலிருந்து வந்த இரட்டைத் தேங்காயையும் பாருங்கள். உலகத்திலேயே பெரிய விதை அதுதான். ஒரு காய் முற்ற ஆறேழு வருடமாகும். ஒரு வருடத்துக்குள் முற்றிய தேங்காய் தரும் நம் தென்னைக்கு அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: அது வெள்ளைக்காரன் போட்ட தோட்டம்தானே? பிறகெதற்கு 'அரச' பூங்கா?
– மண்டூர் வாசகர்

பதில்: வெள்ளைக்காரன் வருமுன்பே அது ராசாக்களின் இடம். 1371இல் மூன்றாம் விக்கிரமபாகு அங்கே அரசவை வைத்திருந்தான். அதை அரச தோட்டமாக்கியவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். மதுரைப் பக்கமிருந்து வந்த நாயக்கர் வழியினன், 1747இல் பட்டமேறியவன். அந்த வழியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815இல் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். ஆகவே, அந்தத் தோட்டத்தில் நம்மை விருந்தாளியாக நினைத்துக் கூச்சப்பட வேண்டியதில்லை.

1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவர் அங்கே தாவரவியல் தோட்டம் தொடங்கினார். 1824இல் சீனாவிலிருந்து ஒரு தேயிலைச் செடி வந்து சேர்ந்தது. ஆனால் அதன்பின் மலையில் முதலில் கொழித்தது கோப்பிதான். தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கூட்டி வரப்பட்டவர்கள் கோப்பிக்காகத்தான் முதலில் மலை ஏறினார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. சில வருடங்களில் தோட்டங்கள் அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. மலையகத் தமிழரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இந்தப் பூங்காவைவிடப் பொருத்தமான வகுப்பறை எனக்குத் தெரியாது.

கேள்வி: படமெடுக்க நல்ல இடம் ஒன்று சொல்லுங்கள்.
– ஏறாவூர் வாசகி

பதில்: நாகலிங்க மரம். 1901இல் நட்டது. நட்டவர் பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானார். அடிமரத்திலேயே பீரங்கிக் குண்டு மாதிரிக் காய்கள் தொங்கும். சற்றுத் தள்ளி நின்றே சிரியுங்கள்.

கேள்வி: அங்கே குடைக்குள் சோடி சோடியாக இருக்கிறார்களாம். பிள்ளைகளோடு போகக் கூச்சமாக இருக்கிறது.
– ஆரையம்பதி வாசகர்

பதில்: மழையில்லாத நேரத்தில் குடை விரிந்திருந்தால் பக்கத்துப் பாதையால் போங்கள். 147 ஏக்கரில் அவர்களுக்கும் ஒரு மூலை இருக்கட்டும்.

கேள்வி: பேராதனை இருக்கட்டும், மகன் லண்டனில். "வாங்கோ அம்மா, ராசா மான் வேட்டையாடின ரிச்மண்ட் பார்க்கைக் காட்டுறன்" என்கிறான். பார்க்க அப்படி என்ன இருக்கிறது?
– ஓர் அம்மா, கல்லடி

பதில்: மான் இன்னும் இருக்கிறது அம்மா. ஆனால் மகனிடம் மதிலைக் காட்டச் சொல்லுங்கள். 1637இல் முதலாம் சார்ல்ஸ் மன்னர் ஊர்க்காணிகளையும் சேர்த்து வளைத்து அந்த மதிலைக் கட்டினார். நூறு வருடத்துக்கு மேல் கழித்து இளவரசி அமேலியா பொறுப்புக்கு வந்ததும் ஊராரை உள்ளே விடாமல் பூட்டினார். ஜோன் லூயிஸ் என்ற பியர் வடிப்பவர் வழக்குப் போட்டு 1758இல் வென்றார். கதவு வேண்டுமா, மதிலேறும் ஏணி வேண்டுமா என்று கோர்ட்டில் கேட்டார்கள். கதவைத் திரும்பவும் பூட்டிவிடலாம் என்று தெரிந்தவர் ஏணியைக் கேட்டார். ஏணி வந்தது, படிகளுக்கு நடுவே பெரிய இடைவெளியோடு. திரும்பவும் கோர்ட்டுக்குப் போனார். கிழவிகளும் ஏறக்கூடியதாகச் செய்து கொடுங்கள் என்று நீதிபதி சொன்னார். உங்களுக்கு முழங்கால் வலி என்றாலும் போய்வாருங்கள். அது உங்கள் வயதுக்காரருக்காகவும் வென்றெடுத்த பூங்கா.

கேள்வி: பேராதனைக்கும் மட்டக்களப்புக்கும் என்ன சம்பந்தம்?
– செங்கலடி மாணவன்

பதில்: உன் ஊர்ச் சந்திதான் தம்பி. பேராதனையில் தொடங்கும் ஏ-5 வீதி பதுளை வழியாக வந்து செங்கலடியில்தான் முடிகிறது. பூங்காவைச் சுற்றி வளைந்தோடும் மகாவலியில் ஒரு கிளை வெருகல் ஆறாக வந்து கடலில் விழுகிறது. அடுத்த முறை வெருகல் முருகனிடம் போகும்போது அந்தத் தண்ணீரில் கால் நனை.

கேள்வி: நம் ஊருக்கு அப்படியொரு பூங்கா எப்போது வரும்?
– புளியந்தீவு வாசகர்

பதில்: வாவிக்கரையில் காந்தி பூங்கா இருக்கிறது. அதைத் தாண்டி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவியே இருக்கிறது. பேராதனையில் மரங்களுக்குப் பெயர்ப்பலகை உண்டு. பெயர் தெரிந்த மரத்தை வெட்ட மனம் வராது. நம் கரையில் நிற்கும் கண்டலுக்கும் தில்லைக்கும் பூவரசுக்கும் தமிழில் பெயர் எழுதி வைக்க ஒரு பாடசாலை முன்வந்தாலே போதும். லஞ்ச் ஷீட்டும் வெறும் போத்தலும் வாவியில் விழாமல் பார்ப்பதும் அதே பிள்ளைகளின் பொறுப்பாகட்டும். தொடங்குகிறவர்கள் எழுதுங்கள். முதல் பலகைக்குப் பலகையும் பெயின்ட்டும் நான் வாங்கி வருகிறேன்.