பஞ்சுத் தாடியும் கத்திக்கப்பலும்

புதுச்சேரித் தொடக்கப் பள்ளிகளில் குளிர்காலக் காகிதக் கைவேலை டிசம்பர் முதல் வாரத்தில், இரவு எட்டரை மணிக்குத் தொடங்குகிறது. வகுப்பு வாட்ஸப் குழுவில் வரும் செய்திதான் தொடக்கம்: நாளைக்கு வெள்ளை சார்ட் ஒன்று, பஞ்சு, கறுப்பு கிளேஸ் பேப்பர், ஜிகினாத் தூள், ஃபெவிகால். ஒன்பதுக்குள் நேரு வீதிப் பக்கத்து ஸ்டேஷனரி கடைகளின் முன் ஸ்கூட்டர்கள் சேர்ந்துவிடும். சார்ட் எப்படியும் கிடைக்கும். பஞ்சு முதலில் வந்தவர்களோடு போய்விடும். தாமதமாக வந்த தகப்பனார் மருந்துக்கடைக்கு ஓட வேண்டும். அடி எங்கே பட்டது என்று அங்கே கேட்பார்கள். பனிமனிதனுக்கு என்று சொன்னால் மறு கேள்வி இல்லாமல் பில் போடுவார்கள். டிசம்பரில் அவர்களுக்கு இது பழக்கம்.

பனிமனிதன் என்ற சொல்லே கொஞ்சம் வில்லங்கமானது. தமிழின் ஆறு பெரும்பொழுதுகளில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. இந்தப் பனி புல்நுனியில் நிற்கும், தாத்தாக்களின் காதில் மஃப்ளராகச் சுற்றிக்கொள்ளும். அதை உருட்டி மனிதன் செய்ய முடியாது. புதுச்சேரியில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஆகவே கைவேலை வகுப்பில் வருடாவருடம் இந்த உரையாடல் நடக்கிறது:

“மிஸ், பனி எப்படி இருக்கும்?”

“ஃப்ரிட்ஜுல ஐஸ் படிஞ்சிருக்கும்ல, அது மாதிரி.”

“எங்க ஃப்ரிட்ஜுல படியாது மிஸ், புதுசு.”

பனிமனிதனின் உடற்கூறு எளியது. பெரிய வட்டம் ஒன்று, சிறிய வட்டம் ஒன்று, கறுப்புத் தொப்பி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு காரட் மூக்கு, மேலே பஞ்சு. வட்டம் வரையத் தட்டும் டம்ளரும் போதும். கண்காட்சி நாளில் சுவரைப் பார்த்தாலே எது யார் செய்தது என்று தெரிந்துவிடும். தொப்பி நேராக, மூக்கு நடுவில் இருந்தால் அப்பா செய்தது. பட்டன்கள் தாடையில் ஏறியிருந்தால் பிள்ளை செய்தது. பரிசு பெரும்பாலும் அப்பாக்களுக்குத்தான்.

மாட்டிய மறுநாள் மத்தியானம் எல்லோருடைய பனிமனிதனும் தலைகுப்புற விழுவான். அதற்குக் காரணம் குளிரல்ல, ஈரம். இந்த ஊருக்கு வடகிழக்குப் பருவமழைதான் குளிர்காலம். காகிதம் என்பது தாவர நார். நார் ஈரத்தை உறிஞ்சினால் நீளத்தில் அதிகம் வளராது, பக்கவாட்டில்தான் உப்பும். ஆலையில் தாள் ஓடிய திசையிலேயே நார்களும் படுத்திருப்பதால் தாள் ஒரு திசையில்தான் அதிகம் விரிகிறது. போதாக்குறைக்கு ஒரு பக்கத்தில் பசை. எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சார்ட் சுருண்டுகொள்கிறது. தாளை இரண்டு விதமாகவும் லேசாக வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் எதிர்க்காமல் வளைகிறதோ அந்த வாட்டத்தில் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். பசையைக் கரண்டிக் கணக்கில் ஊற்றாமல் இருப்பதும் நல்லது. இதை இரண்டாம் வகுப்பிடம் சொல்லிப் பயனில்லை.

வெட்டிச் செய்யும் பனிப்பூ இதைவிடக் கௌரவமான வேலை. நிஜப் பனிப்பூவுக்கு ஆறு கை; ஐஸில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்பட்டிருப்பதால் அப்படி. ஏன் ஐந்தோ ஏழோ இல்லை என்று வானியலாளர் கெப்ளர் 1611இல் ஒரு சிறு நூலே எழுதினார். வகுப்பறைப் பனிப்பூவுக்கோ பெரும்பாலும் நாலு அல்லது எட்டுக் கை. பாதி, பாதி, பாதி என்று மடித்துப் பழகிய கை அங்கேதான் போய் நிற்கும். ஆறு வேண்டுமானால் சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து, மறுபடி பாதியாக்கி, கிடைத்த முக்கோணத்தின் செங்கோண முனையிலிருந்து அதை மூன்று சம பங்காக மடிக்க வேண்டும். இப்போது கையில் 12 அடுக்கு. மழுங்கிய பள்ளிக் கத்தரிக்கோலுக்கு 12 அடுக்கு சார்ட் என்பது தேங்காய் மட்டை. கிளேஸ் பேப்பர் போன்ற மெல்லிய தாள்தான் சரி. மடிப்போரத்தில் கொஞ்சம் விட்டுவைத்து வெட்ட வேண்டும். முழுக்க வெட்டிவிட்டால் பிரிக்கும்போது பூ வராது, துண்டுகளாக மடியில் கொட்டும். புதுச்சேரியில் பனி பொழிவதற்கு இது ஒன்றே வழி.

காகிதத்தை மடித்து அறுகோணம் கொண்டுவரும் வித்தைக்கு அயலூர் போக வேண்டியதில்லை. மதராஸ் மாகாண வருவாய்த் துறையில் இருந்த டி. சுந்தர ராவ், குழந்தைகளுக்கு ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல் வகுத்த காகித மடிப்பு விளையாட்டிலிருந்து தூண்டுதல் பெற்று, வடிவியலைக் காகித மடிப்பால் விளக்கும் நூலை 1893இல் மதராஸில் வெளியிட்டார். அறுகோணத்துக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. மூன்று பங்கு மடிப்பு வராமல் திணறும் பிள்ளைக்கு அதைவிடக் கிட்டத்தில் ஓர் உதவி இருக்கிறது: வாசலில் அம்மா போட்ட மார்கழிக் கோலம். புள்ளி வைத்து அறுமுனை நட்சத்திரம் இழுக்கப் பழகிய கண்ணுக்கு அறுபது டிகிரியைக் கோணமானி இல்லாமலே பிடிக்கத் தெரியும்.

ஊரிலேயே நல்ல தாளும் உண்டு. சர்தார் வல்லபாய் படேல் சாலையில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்கிறது. மடித்தால் எளிதில் முறியாத அந்தத் தாள் வாழ்த்து அட்டைக்கு அருமை. ஜிகினாத் தூளைக் கொட்டி அதை வீணாக்குவது பாவம்.

மிச்சமிருக்கும் சிவப்பு சார்ட் சாண்டா கிளாஸ் குல்லாவாகிறது, பஞ்சு தாடியாகிறது. அதே தாளை உருளையாகச் சுற்றி, முன்னால் ஒரு சிறு மறைப்பு ஒட்டினால் புதுச்சேரிப் போலீஸின் கெப்பித் தொப்பி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது, பஞ்சு வேண்டாம், வாலும் தொங்காது. போட்ட மாத்திரத்தில் பிள்ளை பெஞ்சுகளுக்கு நடுவே போக்குவரத்தைச் சரிசெய்யப் போய்விடும்.

பாடத்திட்டத்தில் இல்லாமலே வருடம் தவறாமல் நடக்கும் குளிர்காலக் கைவேலை காகிதக் கப்பல். இதற்கு வாட்ஸப் செய்தி வராது, மழை விடுமுறை அறிவிப்புதான் வரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர் போன்ற இடங்களில் பெரியவர்களுக்கே நிஜப் படகு தேவைப்பட்டது. சாதாரண மழையில் வாசல் ஓடை போதும். செய்தித்தாள் தண்ணீரைச் சீக்கிரம் குடிக்கும், கப்பல் நாலு வீடு தாண்டாது. நோட்டுத் தாளில் மை ஊறாமலிருக்க ஆலையிலேயே பூச்சு சேர்ப்பதால் அது தாக்குப்பிடிக்கும். அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் தெருமுனை வரை நிச்சயம். சாதாக் கப்பல் எல்லோருக்கும் வரும். கத்திக்கப்பல் விடுபவனுக்குத் தெருவில் தனி மரியாதை. அவனுக்கு யாரும் மடிக்கச் சொல்லித்தந்ததில்லை, மூன்று பங்கு மடிப்பெல்லாம் தகராறே இல்லை.

நோட்டிலிருந்து தாள் எடுப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. ஓரத்தில் கிழித்தால் எதிர்ப்பக்கம் கழன்று வந்து காட்டிக்கொடுத்துவிடும். நடுப்பக்கத்தை ஊக்கிலிருந்து அலுங்காமல் உருவ வேண்டும். பள்ளி திறந்து நோட்டு திருத்தும் மிஸ்ஸுக்குப் பதினேழாம் வாய்ப்பாட்டுக்கு அப்புறம் பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரும். நடுவில் இரண்டு ஊக்குகள் எதையும் பிடிக்காமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.