மேஸ்திரி கணக்கு

ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தே, "சார், இந்தச் சுவரு கால் இஞ்சு வெளிய தள்ளியிருக்கு" என்று சொல்லிவிடுவார் மேஸ்திரி. சந்தேகப்பட்டுத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் கால் இஞ்சுதான் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு டைல்ஸ் எத்தனை, வெட்டுச் சேதாரம் எத்தனை என்பதெல்லாம் பீடி ஒன்று தீர்வதற்குள் வாயிலிருந்து வந்துவிடும். அப்பேர்ப்பட்டவரிடம் போய், "இதுவரைக்கும் நான் எவ்வளவு கொடுத்திருக்கேன் மேஸ்திரி?" என்று கேட்டுப் பாருங்கள். தலைத்துண்டை அவிழ்த்து உதறுவார். தெருவில் போகிற ஆட்டை வெகுநேரம் பார்ப்பார். பிறகு, "விடுங்க சார், காசு எங்க போயிடப் போவுது?" என்பார்.

எங்கே போயிற்று என்பதுதான் நம் கேள்வியும்.

இந்த வம்சத்துக்குக் கிளைகள் உண்டு. பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர், வெல்டிங் பட்டறைக்காரர், தீபாவளிக்குக் கொடுத்த துணியைப் பொங்கலுக்குத் தருகிற தையல்காரர் என்று பலரும் கணக்கு விஷயத்தில் அண்ணன் தம்பிகள்தான். இருந்தாலும் மூத்தவர் மேஸ்திரி. மற்றவர்கள் நூறு, ஐந்நூறில் மறப்பார்கள். இவர் ஆயிரங்களில் மறப்பார்.

வேலை தொடங்குமுன் எஸ்டிமேட் கேட்பது நம் வழக்கம். சிரிப்பது அவர் வழக்கம். "நமக்குள்ள என்ன சார் எஸ்டிமேட்டு? போன வருசம் பேங்க் மேனேஜர் வீட்டுல செஞ்சோம், அவரைக் கேட்டுப் பாருங்க." கேட்க முடியாது. மேனேஜர் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டிருப்பார். ஏன் போனார் என்பது வேலை முடிவதற்குள் நமக்கே விளங்கிவிடும்.

விடாமல் நச்சரித்தால், தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் முதலில் பிள்ளையார் சுழி போடுவார். அதில் குறையே சொல்ல முடியாது, அவ்வளவு திருத்தமான சுழி. அதன் கீழே 'லேபர்' என்று எழுதி நேரே ஒரு கோடு. 'மெட்டீரியல்' என்று எழுதி இன்னொரு கோடு. கடைசியில் 'மொத்தம்' என்று எழுதி 1,85,000 என்று போட்டு அடியில் இரண்டு கோடு இழுப்பார். லேபருக்கு எதிரே எண் இல்லை. மெட்டீரியலுக்கு எதிரேயும் இல்லை. மொத்தம் மட்டும் வந்துவிட்டது. கூட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல் கூட்டுத்தொகை காண்கிற இந்த வித்தையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுப்பதில்லை.

"இதுல தண்ணித் தொட்டி சேர்ந்துருச்சா மேஸ்திரி?"

"சேராமயா சார்!"

இரண்டு மாதம் கழித்து அதே தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "தொட்டி தனி சார், அன்னைக்கே சொன்னேனே" என்பார். காலண்டர் தாளை எடுத்துக் காட்டலாம் என்று போனால், அதில் சுழி மட்டும்தான் தெளிவாக இருக்கும். மீதியில் யாரோ பஜ்ஜி வைத்திருப்பார்கள்.

வேலை சூடுபிடித்ததும் கணக்கு தாளிலிருந்து சுவருக்கு ஏறிவிடும். தச்சர் காதில் செருகியிருக்கிற தட்டைப் பென்சிலை உருவி, அது இல்லாவிட்டால் செங்கல் சில்லைப் பொறுக்கி, பூச்சு ஆகாத ஹால் சுவரில் எழுதுவார். அந்தச் சுவரை ஒருநாள் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். 'சிமிட்டி 15'. அதன் கீழே 'எம்சாண்ட் 1 யூ'. பக்கத்தில் 'பெ.ஆள் 2 சி.ஆள் 3'. அதற்கும் கீழே 'சார் 5'. இந்த சார் நான்தான் என்பது வரைக்கும் புரிந்தது. அந்த 5 என்ன? ஐயாயிரமா, ஐந்நூறா, நான் சொந்தச் செலவில் வாங்கிப்போட்ட ஐந்து மூட்டை சிமெண்டா? மேலே ஒரு மூலையில் ஒன்பது இலக்கத்தில் ஒரு செல்போன் நம்பர். யாருடையது என்று கேட்டதற்கு, "அது நம்ம டைல்ஸ் பையன் நம்பரு சார், ஒரு நம்பரு மட்டும் மனசுல இருக்கு" என்றார்.

கணக்கைச் சுவரில் எழுதுவது நமக்கொன்றும் புதிதல்ல. 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த ராஜராஜன், யார் என்ன நகை கொடுத்தார், அது எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி என்பது வரை, ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்து, கோயில் கல்லிலேயே வெட்டிவைத்தான். ஆயிரம் வருஷம் கழித்து இன்றைக்குப் போனாலும் ஆடிட் செய்யலாம். மேஸ்திரியின் சுவருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. கணக்குப் பார்க்கிற நாள் நெருங்க நெருங்க, பூச்சுவேலை ஏனோ அந்தச் சுவரைத் தேடி வந்துவிடும். பூச்சுக்கு மேல் பிரைமர், அதற்கு மேல் இரண்டு கோட் பட்டி. "எல்லாம் ஹால் சுவத்துலதான் சார் இருந்துச்சு" என்று தடவிக் காட்டுவார். தடவினால் வழவழவென்று நன்றாகத்தான் இருக்கும், தொழிலில் குறை சொல்ல முடியாது.

தஞ்சைக் கோயிலிலும் இப்படி ஒரு காரியம் நடந்திருக்கிறது. கருவறையைச் சுற்றிய நடைக்குள் சோழர் தீட்டிய ஓவியங்களுக்கு மேல் நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். அடியில் இருந்தது 1931இல்தான் வெளியே தெரிந்தது. என் வீட்டு ஹாலிலும் கொடுக்கல் வாங்கல் அத்தனையும் பட்டிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. தொல்லியல் துறை மனசு வைத்தால்தான் உண்டு.

தச்சர் இன்னும் ஒருபடி மேல். அவர் பிளைவுட்டிலேயே கணக்கு எழுதி, அதன் மேல் மைக்கா ஒட்டி, அலமாரியாக நம்மிடமே விற்றுவிடுவார்.

செல்போனில் பணம் அனுப்புகிற காலம் வந்ததும் இந்தக் கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்று என்னைப் போன்றவர்கள் நம்பினோம். 2016இல் யூபிஐ வந்தது. அனுப்பிய தேதி, நேரம், தொகை எல்லாம் போனிலேயே நிற்கும், யாரும் பட்டி பார்க்க முடியாது. மேஸ்திரி அசரவில்லை. "என் நம்பருக்குப் போடாதீங்க சார். அக்கவுண்டுல விழுந்ததும் லோன்காரன் எடுத்துருவான். பையன் நம்பருக்குப் போடுங்க." அடுத்த சனிக்கிழமை பையன் ஊரில் இல்லை, மச்சான் நம்பர். அதற்கடுத்த வாரம் டீக்கடை அட்டையைக் காட்டி, "அண்ணனுக்கு ஸ்கேன் பண்ணிடுங்க, நான் அவர்கிட்ட வாங்கிக்கிறேன்." வேலை முடியும்போது என் போனில் கொடுத்ததற்கெல்லாம் சாட்சி இருந்தது. ஆனால் ஒன்றில்கூட மேஸ்திரி பெயர் இல்லை. யாரோ ஒரு டீக்கடைக்காரருக்கு நான் ஆறாயிரம் ரூபாய்க்கு டீ குடித்திருக்கிறேன் என்றுதான் அதைப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். மச்சானுக்குப் போட்டதைப் பற்றிக் கேட்டால் மேஸ்திரி குரலைத் தாழ்த்தி, "அவனுக்கும் எனக்கும் இப்பப் பேச்சுவார்த்தை இல்ல சார்" என்கிறார். குடும்பப் பிரச்சினைக்குள் நாம் எப்படித் தலையிடுவது?

பில் கேட்டால் அது வேறு கதை. "பில்லா சார்? பில்லு போட்டா பதினெட்டு பெர்சென்ட் ஏறிடும். உங்களுக்குத்தான் நட்டம்." அவருக்கு ஜிஎஸ்டி பதிவே கிடையாது. பதிவில்லாதவர் அந்த வரியை வாங்கவே கூடாது என்பது சட்டம். வரியைத் தொடாமல், வாங்கின பணத்துக்கு வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்துப் போட்டுத் தரலாம். எந்த அதிகாரியும் வந்து கையைப் பிடிக்கமாட்டார். ஆனால் 2017 ஜூலை முதல் தேதி அந்த வரி வந்ததிலிருந்து, 'பில்' என்று யாராவது வாயெடுத்தால் வீசுவதற்கு ஒரு கல் அவர் மடியில் எப்போதும் இருக்கிறது.

சாமான் வாங்கிய கடையிலிருந்து சீட்டு மட்டும் கொண்டுவருவார். தலையில் கடைப் பெயர் இருக்காது, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருக்கும். சாமான் வாங்கி, பணம் கொடுத்து, பாதியைச் சுவருக்குள் புதைத்துப் பூசியும் ஆயிற்று. அது இன்னும் எஸ்டிமேட்டாகவேதான் இருக்கிறது. எல்போ 12, டீ 6, சொல்யூஷன் 1, இதர வகை 1,850. அந்த இதர வகையை மட்டும் நான் வீடு முழுக்கத் தேடிவிட்டேன். சிமெண்டுக்கு வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. பத்திரிகையில் வந்தது, டிவியில் வந்தது, மேஸ்திரியின் மூட்டை விலைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

கணக்குத் தீர்க்கிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அமையும். குளித்து, விபூதி இட்டு, வெள்ளைச் சட்டையில் வந்து உட்காருவார். அவரிடம் தேதி என்பதே கிடையாது, சம்பவங்கள்தான். "லிண்டல் போட்டமே, அன்னைக்கு ஒண்ணு குடுத்தீங்க. அக்கா ஊருக்குப் போயிருந்தாங்களே, அன்னைக்கு ஒண்ணு. மழை புடிச்சு வேலை நின்னுச்சே, அன்னைக்குத் தரேன்னு சொல்லித் தரல, அது ஒண்ணு." தந்ததும் தராததும் ஒரே வரிசையில் கைகோத்து நிற்கும். எது எந்தப் பக்கம் என்று நாம் பிரிப்பதற்குள், அவர் வாங்கிவந்த ஆணி, டீ, குட்டியானை வாடகை எல்லாம் பைசா சுத்தமாக வந்து விழும். மறதி ஒருபக்கக் காதில் மட்டும்தான்.

என் மனைவி சமையலறைக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அன்றன்று கொடுத்ததைக் குறித்துவைத்திருக்கிறாளாம். மேஸ்திரி முதல்முறையாகக் கலங்கினார். ஆனால் அதே கட்டங்களில்தான் பால் கணக்கும் இருந்தது. பதினான்காம் தேதியில் '3' என்று மட்டும் எழுதியிருந்தது. மூவாயிரமா, மூன்று பாக்கெட்டா? மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "பாலாத்தான் இருக்கும்க்கா" என்றார்.

முந்திரி என்று 320இல் ஒரு பங்குக்குப் பெயர் வைத்து, அதற்கு வாய்ப்பாடு போட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்த நாடு இது. மேஸ்திரி அறிந்த ஆகச் சிறிய பின்னம் ஐந்நூறு ரூபாய். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அவர் பக்கமாகவே சாயும். கடைசியில் எழுந்து நின்று, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்துக் குடுங்க சார்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தில் பாரம் முழுவதும் நம் தலைக்கு வந்துவிடுகிறது. கணக்கைப் பார்த்தால் நாம் கஞ்சன். பார்க்காமல் கொடுத்தால் ஏமாளி. எனக்குத் தெரிந்த பெரும்பாலோர் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். பாதி வேலை பாக்கியிருக்கும்போது கஞ்சன் என்று பேரெடுத்தவர் வீட்டுக்கு யாரும் திரும்பி வருவதில்லை.

இவர் ஏமாற்றுக்காரர் என்று நீங்கள் முடிவு கட்டியிருந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள். நாம் தரவேண்டிய நாலாயிரம் பாக்கியையும் இதே மனசோடு மறந்துவிட்டு, தீபாவளிக்கு ஐந்நூறு ரூபாய் இனாமுக்கு வந்து வாசலில் நிற்பவர் அவர். ஞாபகப்படுத்தினால், "அட, ஆமால்ல சார்!" என்று ஏதோ நாம்தான் தானம் செய்ததுபோல் மகிழ்ந்துபோவார்.

ஆனால் ஒரு கணக்கில் மட்டும் அவர் பிசகி நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மணல் குவியல் பக்கத்தில் நின்றுகொண்டு, சித்தாளுக்கு இத்தனை நாள், அரைநாள் பிடித்தம் இவ்வளவு, செவ்வாய்க்கிழமை கைமாற்றாக வாங்கினது இவ்வளவு என்று எந்தச் சுவரையும் பார்க்காமல் எண்ணிக் கொடுப்பார். கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை ஆள் வராது. அந்தக் கூலிக்குத்தான் நம் அட்வான்ஸ் போகிறது. நம் வீட்டுக் கூலிக்கே போகும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. போன மாதம் முடித்த வீட்டுக்காரர் இன்னும் பணம் தரவில்லை என்றால் அந்த வீட்டுக் கூலிக்குப் போகும். நம் சிமெண்ட் அடுத்த தெருவில் சன்ஷேடாக நிற்கும். இன்னொருவர் மணல் நம் வீட்டுப் படிக்கட்டில் இருக்கும். இவரை நம்பி எந்த பேங்கும் ரொக்கக் கடன் கொடுக்கப் போவதில்லை. ஆகவே நம்மில் நாலு பேரைச் சேர்த்து இவரே ஒரு பேங்க் நடத்துகிறார். அதன் பேரேட்டை விரித்துக் காட்டினால் அன்றைக்கே பேங்க் திவால். ஹால் சுவருக்கு முதலில் பட்டி வருவதன் ரகசியம் இதுதான் என்பது என் தீர்ப்பு.

ஆகவே அவரைத் திருத்த முயலாதீர்கள். வீட்டு வேலை ஆரம்பிக்கும்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பணம் கொடுக்கும்போதே தேதி, தொகை, எந்த வேலைக்கு என்று எழுதி, பக்கத்தில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள், சிரித்துக்கொண்டே போடுவார். பணத்தை அவர் யார் நம்பருக்குப் போடச் சொன்னாலும் அந்தப் பெயரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பால் கணக்கை வேறெங்காவது வையுங்கள். முக்கியமாக, அந்த நோட்டை நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள். மேஸ்திரியிடம் வாங்கிவரச் சொன்னால் அது இதர வகையில் சேர்ந்துவிடும்.