மைனஸ் மார்க் மகாராஜாவுக்கு

மதிப்புக்குரிய தேசியத் தேர்வு முகமைக்கு,

நீட் எழுதப்போகும் பெண்ணின் அப்பன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

சரியான விடைக்கு 4 கூட்டுகிறீர்கள், தவறான விடைக்கு 1 கழிக்கிறீர்கள். குருட்டாம்போக்கில் குத்துகிறவனை அடக்கத்தானே? நல்ல எண்ணம்தான். கணக்குதான் கொஞ்சம் இடிக்கிறது.

போன ஞாயிறு மாதிரித் தேர்வில் மகள் 12 கேள்விகளை விட்டுவிட்டாள். வினாத்தாளைப் புரட்டினேன். ஒவ்வொன்றிலும் நான்கில் இரண்டு விடைகளைச் சரியாகவே அடித்துத் தள்ளியிருந்தாள். மிச்சம் இரண்டில் எது? வட்டத்துக்கு மேலே பேனாவைக் கொண்டுபோய், “மைனஸ் போயிடும்ப்பா” என்று எடுத்துவிட்டாளாம். கிடைத்தது பூஜ்யம்.

எதிர்வீட்டுப் பையனுக்கும் 12 கேள்வி தெரியவில்லை. அவன் அலட்டிக்கொள்ளவில்லை. இங்கி பிங்கி போட்டு எல்லா வட்டத்தையும் கருப்பாக்கினான். நாலுக்கு ஒன்று என்ற சராசரிப்படி மூன்று விழுந்தது, ஒன்பது போனது. 12 மதிப்பெண்ணில் 9 போக 3 லாபம்!

மகளும் துணிந்து குத்தியிருந்தால் பாதிக்குப் பாதி தேறியிருக்கும். 24இல் 6 போக 18. நீங்கள் வைத்த கண்ணியில் மாட்டியது தயங்கியவள். யாருக்காக வைத்தீர்களோ அவன் சில்லறை பொறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வில் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கிறார்கள். அங்கே இங்கி பிங்கி போட்டால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அந்தக் கால்குலேட்டர் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை போலும்.

உங்கள் கூட்டல் கழித்தலே தனி ரகம். 720இல் ஒரு கேள்வியை விட்டால் 716, தவறினால் 715. ஆனால் 2024இல் 718, 719 வாங்கியவர்களையும் காட்டினீர்கள். கேட்டால், நேரம் இழந்த 1563 பேருக்குக் கருணை மதிப்பெண் என்றீர்கள். பிறகு அதையும் ரத்து செய்து மறுதேர்வு வைத்தீர்கள். கருப்பாக்கிய வட்டத்தை அழித்து எழுத எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வசதி கிடையாது.

உங்கள் பங்காளி நடத்தும் முதுநிலை நீட்டில் இன்னும் விசேஷம். 2023இல் தகுதிக்கோடு பூஜ்ய பர்சென்டைலுக்கு இறங்கியதில், மைனஸில் நின்றவர்களும் கலந்தாய்வுக்குத் தகுதியானார்கள். வாசலில் பிரம்போடு நின்று அடித்துவிட்டு, பந்தியில் இலை போட்டுக் கூப்பிட்ட கதை.

என் கோரிக்கை சின்னது. குத்துகிறவனை நிஜமாகவே அடக்க வேண்டுமென்றால், 1க்குப் பதில் 1⅓ கழியுங்கள். முடியாதென்றால், ‘இரண்டு விடையை அடித்துவிட்டாயா, தைரியமாகக் குத்து’ என்று நுழைவுச்சீட்டில் அச்சிடுங்கள். கோச்சிங் சென்டர் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் ரகசியம் எல்லாப் பிள்ளைக்கும் இலவசமாகக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
18 மதிப்பெண் கோட்டைவிட்ட வீட்டிலிருந்து
ஒரு தகப்பன்

பி.கு.: இக்கடிதத்தில் பிழை இருந்தால் தலா ஒரு மதிப்பெண் கழித்துக்கொள்ளவும். பதில் எழுதாமல் விட்டால் உங்களுக்கு மைனஸ் கிடையாது என்பது எனக்கும் தெரியும்.