திரும்பி வந்த பாண்டிக்காரர்

பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் பிறந்து, லாஸ்பேட்டையிலேயே படித்து, லாஸ்பேட்டையிலேயே தலை நரைத்தவர்களுக்கு லாஸ்பேட்டையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதை எடுத்துச் சொல்வதற்கென்றே, பெங்களூரில் பாதி ஆயுசு உத்தியோகம் பார்த்துவிட்டு, கெஞ்சிக் கூத்தாடி மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து சேர்கிறாரே ஒருவர், அவரைத்தான் சொல்கிறேன்.

ஹெலிபேட் மைதானத்தில் காலையில் நடக்கப் போகிறவர்கள் அவரிடமிருந்து தப்புவது அசாத்தியம். தங்கள் சர்க்கரை வியாதியை உத்தேசித்து வேகமாக நடந்துகொண்டிருக்கும் நாலு பேரை நடுவழியில் நிறுத்தி, ஏதோ ஒரு மாடி வீட்டின் பக்கம் கையை நீட்டி, "அங்கே முன்னாடி என்ன இருந்தது, சொல்லுங்க பார்ப்போம்?" என்பார். முந்திரித்தோப்பு என்று சரியாகவே விடை சொன்னாலும் விமோசனம் இல்லை, "அதுக்கும் முன்னாடி?" என்று அடுத்த கேள்வி பிறக்கும். உழவர் சந்தையில் காய்கறி விற்கும் அம்மாளையும் அவர் விடவில்லை. "ஏம்மா, இந்த இடத்தில அப்போ என்ன இருந்துச்சு தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும் சார், கத்திரிக்கா அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்றாள் அவள். சரித்திர ஞானம் அருகிவிட்டதாக அன்று முழுவதும் விசனப்பட்டார்.

பேட்டைக்குப் பெயர் வந்த கதையை யாராவது குழந்தை கேட்டுவிட்டால் போதும். 1761-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கிய பாண்டிச்சேரிப் பட்டணத்தை, 1765-இல் திரும்பப் பெற்றுக்கொண்டு, இருந்த கல்லையும் மண்ணையும் வைத்து மறுபடி எழுப்பத் தொடங்கிய பிரெஞ்சு கவர்னர் லா துரையின் பிரதாபத்தை ஆதியோடந்தமாகச் சொல்லி முடிக்கும்போது, அந்த துரையும் தம்மைப்போல் ஊருக்குத் திரும்பி வந்தவர்தான் என்கிற பெருமிதம் அவர் முகத்தில் பிரகாசிக்கும். வந்த துரை சுவர் எழுப்பினார். இவர் எழுப்புவது பெருமூச்சு மட்டுமே என்பது வேறு விஷயம்.

நம் விமான நிலையத்தின் மீதும் அவருக்குத் தனி வாஞ்சை உண்டு. 2013-இல் பெங்களூரிலிருந்து விமானம் வந்தது, அடுத்த வருஷமே நின்றது. 2017-இல் ஐதராபாத்திலிருந்து வந்தது, அதுவும் நின்றது. 2024 டிசம்பரில் மறுபடி வரத் தொடங்கியது. வருவதும் போவதுமான இந்தச் சுபாவத்தை அது யாரிடம் கற்றதோ!

பழி மட்டுமே சொல்லக்கூடாது. தாகூர் கலைக் கல்லூரியில் தம்மோடு படித்து, இப்போது சைக்கிள் கடை வைத்திருக்கும் பழைய சிநேகிதரை ஒருநாள் தெருவில் கண்டார். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, அரைமணி நேரம் வாத்தியார்களின் பட்டப்பெயர்களையே பேசிச் சிரித்தார்கள். அங்கே முன்னாடி என்ன இருந்தது என்று ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை. அந்த அரைமணி நேரத்தில் அவரைப்போல் நல்ல மனிதர் உலகத்தில் இல்லை.

ஆனால், அதே கல்லூரியில் இன்று பட்டம் வாங்குகிற பையன்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிக்கொண்டிருக்க, பெங்களூர்ச் சம்பளத்தோடு இவரைப் போன்றவர்கள் வந்து இறங்குகிறார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றிவிடுகிறார்கள். இங்கேயே கிடந்த நாங்கள் ஊருக்கு வெளியே வீடு தேடுகிறோம். இதைச் சிரித்துக்கொண்டு எழுத என்னால் முடியவில்லை.

போன மாதம் தரகர் அவருக்கு ஒரு வீடு காட்டினார். மூன்று மாடிக் கட்டிடம். அண்ணாந்து பார்த்தார். "எப்பேர்ப்பட்ட தோட்டம் இருந்த இடம்! நாலு மாமரம், ஒரு கிணறு! எந்தப் பாவி இதை மனை போட்டு வித்தான்?" என்று வாய்விட்டு அரற்றினார். அப்பா காலமானதும் அந்தத் தோட்டத்தை மனை மனையாகப் பிரித்து விற்று, அந்தப் பணத்தில்தான் இவர் பெங்களூரில் அடுக்குமாடி வீடு வாங்கினார் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். விற்றுக் கொடுத்ததே இந்தத் தரகர்தான். தொழில் தர்மத்தை உத்தேசித்து அவர் வாய் திறக்கவில்லை.

இந்த மண்ணில் பிறந்தவன் என்பதற்காக வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைக்கக்கூடாதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு, 11 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். "அப்புறம் புதுப்பிச்சுக்கலாம் சார்" என்றார் தரகர். "அவசியமிருக்காதுப்பா, அதுக்குள்ள பெங்களூர்லயே புரமோஷன் வந்துடும்" என்றார் அவர்.