அஞ்சேகால் அடிக்காரனும் மூணேகால் அடிக்காரனும்

பேராண்டி, நீ அயர்லாந்து ரயில் பொம்மையா வாங்கிக் குவிக்கிறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. நம்ம பட்டர்வொர்த் பாகான்ல எவன்தான் சம்பாதிச்ச காச முழுசா வீட்டுக்குக் கொண்டு போறான்? ஒருத்தன் நாலு நம்பர் எடுக்கிறான், ஒருத்தன் மெர்போக் குருவிக்குத் தீனி வாங்குறான், நீ டப்ளின் என்ஜின் வாங்குற. குருவியாவது கத்தும்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள உன் என்ஜினுக்குள்ள சிப்பு வச்சிருக்கு, அதுவும் உறுமும்னு காட்டிட்ட. சரி, தோத்தேன். பொம்மைன்னு சொல்லக்கூடாது, மாடல்னு சொல்லணும்னும் சொன்ன. அதுக்கும் சரி.

ஆனா நாப்பது வருசம் தண்டவாளத்துல சுத்தியல் பிடிச்ச கை இது. கேட்காமலே புத்தி சொல்ற உரிமை எனக்கு உண்டு.

போன நவராத்திரிக்கு உன் பொஞ்சாதி கொலு வச்சப்ப, செட்டியார் பொம்மைக்குப் பக்கத்துல உன் ஆரஞ்சுக் கலர் 201-ஐ நிறுத்தி வச்சா பாரு, அதுக்குப் பெறகுதான் எனக்கு அந்த என்ஜின் மேல மரியாதையே வந்துச்சு. கடலைப் பருப்பு, அரிசி, பத்து பைசா அளவுல தராசு, எதுக்க ஷானன் ஆறுன்னு பேர் போட்ட என்ஜின். செட்டியார் சரக்கு ஏத்திவிட ஆள் பாத்த மாதிரியே இருந்துச்சு. நீ என்னடான்னா கைப்பிடிக் கம்பி ஒடஞ்சிரும்னு மூணாவது படிக்கு முன்னாலயே காவல் நின்ன. சுண்டல் வாங்க வந்த பிள்ளைங்க எல்லாம் உன்னையும் ஒரு பொம்மைன்னு நெனச்சிருக்கும்.

அந்த 201 கதைய நீதான் சொன்ன, நான் ஒட்டுக்கடையில நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன், ஒருத்தனும் நம்பல. கனடாவுல, லண்டன்னு பேர் உள்ள ஊருல, ஜெனரல் மோட்டார்ஸ்காரன் செஞ்சு, 1994-ல மொத என்ஜின அன்டனோவ் ஏரோப்பிளேன் வயித்துக்குள்ள ஏத்தி டப்ளினுக்குப் பறக்க விட்டானாம். நூறு டன்னுக்கு மேல கனம். ரயில் ஆகாசத்துல வந்த ஊர்க்காரன், அதுக்கு மாடல் செஞ்சு கண்ணாடிப் பெட்டியில வைக்காம வேற என்ன செய்வான்!

ஆனா அந்த மாடல்ல ஒரு களவு இருக்கு. நீ சொல்லல, நானே கண்டுபிடிச்சேன். அயர்லாந்துல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல அஞ்சேகால் அடி, 1600 மில்லிமீட்டர். உன் மாடல் ஓஓ அளவு, நெசத்துல 76-ல ஒரு பங்கு. அப்படின்னா உன் பலகையில தண்டவாளம் 21 மில்லிமீட்டர் விரிஞ்சிருக்கணும். இருக்கிறதோ பதினாறரை. இங்கிலீஷ்காரன் அளவுக்கு அடிச்ச தண்டவாளத்துல அயர்லாந்து வண்டிய ஏத்திட்டீங்க. பெருக்கிப் பாத்தா 1250 சொச்சம்தான் வருது, ஒரு அடிக்கு மேல காணோம். எங்க காலத்துல கேஜ் ராடு வச்சுப் பாக்கிறப்ப ஒரு விரக்கடை விலகினாலே இன்ஸ்பெக்டர் சட்டையப் பிடிப்பாரு. உங்க மாடல் கூட்டம் சனிக்கிழமை ராத்திரி மாமாக் கடையில தே தாரிக் ஆறிப் போற வரைக்கும் எதுக்குச் சண்டை போடுது? ஆரஞ்சுப் பட்டைக்கும் கறுப்புப் பட்டைக்கும் நடுவுல வெள்ளைக் கோடு உண்டா இல்லையான்னு. அந்தக் கோட்டுக்கு டிப்பெக்ஸ்னு பேராம். ஆபீஸ் கிராணி தப்ப அழிக்கப் பூசுற வெள்ளை! ஒரு அடி கேஜ முழுங்கிட்டு, மயிரிழைக் கோட்டுக்கு மல்லுக்கட்டு. நீ அந்தக் கூட்டத்துல பெரிய ஆளாகணும்னா வழி சொல்றேன். எவன் என்ன மாடல் காட்டினாலும் கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு, “கூரை சாம்பல் கொஞ்சம் வெளுப்பா இருக்கே”ன்னு மட்டும் சொல்லு. மேல ஒரு வார்த்தை பேசாத. ஒரு மாசத்துல உன்ன எக்ஸ்பர்ட்டுன்னுவான்.

இன்னொன்னு. புது என்ஜின் வாங்கி, அதுல துருப் பொடி தடவி, கரி ஊதி, அழுக்காக்கிறதுக்குத் தனியா காசு குடுக்கிற பாரு, அதுல மட்டும் எனக்கு உடன்பாடில்ல. பட்டர்வொர்த் காத்துல உப்பு இருக்கு, ஈரம் இருக்கு. ஜன்னலத் தொறந்து வச்சா ஓசியிலயே துருப்பிடிக்கும். உங்க பாட்டி என் சட்டையில எண்ணெய் பிசுக்கு எடுக்கத் தேச்ச தேப்புல கல்லே தேஞ்சு போச்சு. நீ அதே பிசுக்க வெள்ளி குடுத்து வாங்குறன்னு கேட்டா அவ அழுவா.

ஈரம்னு சொன்னதும் ஞாபகம் வருது, இது நையாண்டி இல்ல, நெசமாவே கேட்டுக்க. பெட்டிக்குள்ள வர்ற ஸ்பாஞ்சு நம்ம சூட்டுக்கு நாளாக நாளாக இளகி, பொடிஞ்சு, பெயிண்டோட ஒட்டிக்கும். அத எடுத்துட்டு அமிலமில்லாத வெள்ளைத் தாள்ல சுத்தி வையி, கூட ரெண்டு பொட்டலம் சிலிக்கா ஜெல் போடு. பழைய மாடல் வாங்கினா அடிச்சட்டத்த வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. துத்தநாகக் கலவையில ஈயம் கலந்திருந்தா காலப்போக்குல உப்பி, வெடிச்சு, பிஸ்கோத்து மாதிரி உதிர்ந்திரும். விக்கிறவன் “லேசா கீறல்”ம்பான். அந்தக் கீறலுக்கு மருந்தே கெடையாது.

இப்ப பெரிய விசயத்துக்கு வர்றேன். உன் அயர்லாந்துக்கு அஞ்சேகால் அடி எப்படி வந்துச்சு தெரியுமா? ஒரு கம்பெனி ஆறேகால் அடிக்குக் கிட்ட போட்டான், இன்னொருத்தன் அஞ்சடி ரெண்டு அங்குலம், மூணாவது ஆளு நாலடி எட்டரை அங்குலம். பாஸ்லின்னு ஒரு பட்டாளத்து அதிகாரி பஞ்சாயத்துக்கு வந்து, எல்லாத்தையும் பாத்து, நடுவுல ஒரு கணக்குப் போட்டு முடிச்சு வச்சான். 1846-ல அது சட்டமாவே ஆயிருச்சு. நம்ம ஊர்ப் பஞ்சாயத்துல இவ்வளவு சுலபமா யாரும் ஒத்துக்க மாட்டான்.

சரி, நமக்கு மீட்டர் கேஜ் எப்படி வந்துச்சு? இந்தியாவுல மீட்டர் பாதை போடலாம்னு 1870-ல முடிவெடுத்த வைஸ்ராய் மேயோ பிரபு. அவன் எந்த ஊரு? டப்ளின்ல பொறந்தவன்டா! செலவு குறையணும்னு குறுக்கினான். அந்த மீட்டர்தான் மலாயாவுலயும் விழுந்துச்சு. தன் ஊருக்கு அஞ்சேகால் அடி, நமக்கு மூணேகால் அடி. நீ அந்த ஊர்க்காரன் என்ஜினுக்குக் கண்ணாடி அலமாரி செஞ்சு லைட்டும் போட்டிருக்க. நல்லா இரு.

உங்க கூட்டத்துல ஒரு பயல் “மலாயா வண்டி கொஞ்சம்தான் ஓடுச்சு தாத்தா, அதுக்கெல்லாம் எவன் அச்சு அடிப்பான்”னு கேட்டான். அன்னைக்கு வாய மூடிட்டேன், இப்ப சொல்றேன். அவனோட 201 மொத்தமே 34. நம்ம ஊர் ரயில்வே கேடிஎம்மோட 22-ஆம் வகுப்பு, 1971-ல இங்கிலீஷ் எலெக்ட்ரிக் டீசல், 40. அதுக்கு முந்தி க்ளாஸ்கோ நார்த் பிரிட்டிஷ் கம்பெனி செஞ்ச 56-ஆம் வகுப்பு நீராவி, மூணு சிலிண்டர் வண்டி, அந்த 40-ஐயும் தாண்டும். அயர்லாந்துல அம்பது லட்சம் சனம், இங்க மூணு கோடிக்கு மேல. கணக்கு எங்க ஒதைக்குது? டப்ளின்ல மர்ஃபின்னு ஒரு ஆளு, விக்குமா விக்காதான்னு யோசிச்சுக்கிட்டு நிக்காம, தன் ஊர் வண்டிய அச்சுல ஏத்திட்டான். அவனுக்கு முந்தியே சிரில் ஃப்ரைன்னு ஒரு ரயில்வே என்ஜினியர் வீட்டுக்குள்ள உக்காந்து கையாலயே செஞ்சு தள்ளியிருக்கான், அது இப்ப மாலஹைடுல மியூசியமா நிக்குதாம். இங்க நாம? பழைய என்ஜின் தராசுல ஏறுறப்ப போய் போட்டோ எடுத்துட்டு வர்றோம்.

நம்ம பக்கத்து ரயில் கதையே கொஞ்சம் கோணல்தான். அக்கரை ஜார்ஜ்டவுன்ல மணிக்கூண்டு வச்ச கட்டடம், இப்ப கஸ்டம்ஸ் ஆபீஸ், அது ரயில்வே ஸ்டேஷனாத்தான் கட்டினது. தண்டவாளம் மட்டும் கெடையாது! அங்க டிக்கெட் எடுத்து, படகேறி, இக்கரை பிறையில வந்து ரயில் ஏறணும். ஸ்டேஷன் இருந்து ரயில் இல்லாத ஊருக்கு எதிர்க்கரையில, ரயில் இருந்து ஸ்டேஷன் இல்லாத அலமாரி வச்சிருக்க நீ. 1967-ல பிறை ஆத்து மேல திரும்புற பாலம் போட்டப்பதான் வண்டி பட்டர்வொர்த் வரைக்கும் வந்துச்சு. கப்பல் போக பாலம் திரும்பும், வண்டி காத்து நிக்கும், நாங்க பீடி பத்த வைப்போம்.

தொண்ணூறுகள்ல ஒரு கூத்து நடந்துச்சு. கேடிஎம்முக்கு என்ஜின் பத்தலன்னு இந்தியாவுலேருந்து வாடகைக்கு வந்துச்சு ஒய்டிஎம்-4. திருச்சி பொன்மலை ஷெட்டுல ஓடின அதே சாதி, அமெரிக்கா ஆல்கோ போட்ட படம், ஆறு சிலிண்டர். கெளம்புறப்ப குப்குப்னு கறுப்புப் புகை விடும். எங்க கேங்குல திருச்சிக்காரர் ஒருத்தர், அதப் பாத்துட்டு, “நம்மாளு வந்துட்டான்யா, சத்தத்தப் பாரு”ன்னு துண்ட உதறிக்கிட்டு எழுந்து நின்னாரு. ஏரோப்பிளேன்ல வரல, வாடகைக்கு வந்துச்சு. அதனால அதுக்கு அலமாரியில எடம் இல்ல போல.

வழியே இல்லன்னு சொல்லாத. அதே ஆல்கோ குடும்பத்துப் பங்காளி ஒருத்தன் அலாஸ்கா பக்கம் வொயிட் பாஸ் மலை ரயில்ல ஓடினான். அவனுக்கு எல்ஜிபின்னு ஒரு மாடல் கம்பெனிக்காரன் மாடலே போட்டிருக்கான். மூக்கு வேற, வகை ஒண்ணு. எல்ஜிபி தண்டவாளம் 45 மில்லிமீட்டர், 22.5-ஆல பெருக்கு: 1012. மீட்டர் கேஜுக்குப் பெருவிரல் அகலம் கூட வித்தியாசமில்ல! வெலை அதிகம்னா 87-ல ஒரு பங்கு எடு, 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போடு, 1044 வருது. உன் அயர்லாந்து களவுக்கு முன்னால இது தர்மக்கணக்கு. உடம்ப இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்லயே வரஞ்சு அச்சடிக்கிறாங்களே, அப்படி அடிச்சுக்க.

ஜப்பான்ல கேடிஎம்னு பேர் போட்ட பித்தளை மாடல் வருதுன்னு குதிச்சியே, அது காட்சுமின்னு தோக்கியோ கம்பெனி. நம்ம ஆளு இல்ல. காச அனுப்பிறாத.

ஜப்பான்னதும் ஒண்ணு சொல்லணும். உன் கீழ்த் தட்டுல கேட்டோ கம்பெனி சி56 இருக்கு. அழகான வண்டிதான். சயாம்-பர்மா பாதைக்கு ஜப்பான்காரன் அந்த வகையில 90 கொண்டு போனான். 415 கிலோமீட்டர், 1942-43-ல. தோட்டத்துலேருந்து லாரியில ஏத்திக்கிட்டுப் போன நம்ம சனம் ஆயிரம் ஆயிரமா திரும்பவே இல்ல. பெரியத்தை வீட்டுக்கு வர்றப்ப அத ஓட்டாத. அவங்கப்பா சயாமுக்குப் போனவரு. வேற ஒண்ணும் சொல்லல.

இனி எனக்கு வேண்டியதச் சொல்றேன். உன் பலகையில வண்டி இருக்கு, சிக்னல் இருக்கு, பச்சைத் தூள்ல புல்லு கூட இருக்கு, ஒரு மனுசன் இல்ல. மலாயாவுல 1885-ல தைப்பிங்லேருந்து போர்ட் வெல்டுக்கு மொத பாதை போட்டதே சிலோன்லேருந்து வந்த பயனியர் பட்டாளம். பெறகு வெள்ளை உடுப்புப் போட்ட யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டரு, வெயில்ல கேங்குல நம்மாளு. எனக்குப் பிறைப் பாலம் வேணும், திரும்பணும். அதுல ஒய்டிஎம்-4 வேணும். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கேங் வேணும்: சாவி அடிக்கிறவன் கையில நீட்டுக் காம்புச் சுத்தியல், ரெண்டு பேர் கடப்பாறையில தண்டவாளத்த நெம்பணும், ஒருத்தன் செவப்புக் கொடி. தலையில துண்டு, கால்ல செருப்பு வேணாம், ஒருத்தனும் போட்டதில்ல. கங்காணி மட்டும் குடை. ஐரோப்பாக்காரன் விக்கிற பிளாஸ்டிக் ஆளுங்க எல்லாம் ரோஸ் நிறத்துல தொப்பியோட இருப்பானுங்க, அத வாங்கி நெறம் மாத்து. வயித்த மட்டும் கொஞ்சம் ராவிரு.

முடியாதுன்னு சொல்லிப் பாரு. உன் பொஞ்சாதி கண்ணுல படக்கூடாதுன்னு பார்சல எல்லாம் என் விலாசத்துக்கு வரவழைக்கிறியே, அதெல்லாம் என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. நேத்துக் கூட ஒண்ணு வந்துச்சு, நல்ல கனம். கேங் ஆளுங்கள முடிச்சுக் கொண்டா, ஒரு பெட்டிய எடுத்துட்டுப் போ. பாலம் திரும்புனா ரெண்டாவது. பாட்டி கூட்டுறப்ப என்ன பெட்டின்னு கேட்டா, மூட்டு வலிக்கு அயர்லாந்து மருந்துன்னு சொல்லி வச்சிருக்கேன். இவ்வளவு மருந்தான்னு நேத்து மறுபடியும் கேட்டா. உன் பொஞ்சாதியும் அவளும் வெள்ளிக்கிழமை ஒண்ணாத்தான் கோயிலுக்குப் போறாளுக, பாத்துக்க.