நேத்தே போஸ்ட் பண்ணியாச்சு

சாங்கி வில்லேஜில் முதல் புளோக்கின் அஞ்சல் குறியீடு 500001. ஐந்து லட்சத்து ஒன்று. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, மொய் எழுதிப் பழகிய நம்மாள் யாரோதான் தபால் இலாகாவுக்குள் இருந்து இதைப் போட்டிருக்கிறார் என்று என் மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள். உண்மை அத்தனை சுவையானதில்லை. 1995 செப்டம்பரில் நான்கு இலக்கக் குறியீடு ஆறு இலக்கமானபோது, முதல் இரண்டை வட்டாரத்துக்கும் மீதியைக் கட்டடத்துக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். சாங்கி, லோயாங் பக்கத்துக்கு 50. அதன் வாலில் புளோக் எண்ணைக் கட்டினால் வேலை முடிந்தது. கட்டடத்துக்கு ஓர் எண். பெயரை விட்டுவிட்டு வீட்டு எண்ணையும் குறியீட்டையும் மட்டும் எழுதிப் போட்டாலும் கடிதம் வழி தவறாது.

ஆளை இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடிக்க ஏற்பாடு செய்து முடித்தார்களோ இல்லையோ, சனங்கள் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

பெட்டியைத் திறக்கிறவர்கள் மட்டும் நிறுத்தவில்லை. கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் எல்லா வீட்டுப் பெட்டிகளும் வரிசையாக அடுக்கியிருக்கும். தபால்காரர் தன் பெரிய சாவியால் முன்பக்கத்தை மொத்தமாகத் திறந்து, வீடு வீடாகச் செருகிவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார். நமக்கு நம் பெட்டிக்கு மட்டும் ஒரு சின்னச் சாவி. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பெரிசுகள் ஒவ்வொருவராக இறங்குவோம். மூன்றாம் மாடிச் சீனத் தாத்தா சிங்லெட்டும் அரைக்கால் சட்டையுமாக வந்து, சாவி போடுவதற்கு முன் குனிந்து ஒற்றைக் கண்ணை இடுக்கில் வைத்துப் பார்ப்பார். உள்ளே காலி என்று தெரிந்தபிறகும் திறப்பார். கையை விட்டு மூலை வரை துழாவுவார். பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரிப்பார். நானும் விரிப்பேன். அவருக்கு ஹொக்கியன்தான் தெரியும், எனக்கு அது தெரியாது. இந்தக் கைவிரிப்பிலேயே பல வருஷ நட்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

“யாருப்பா உங்களுக்கு லெட்டர் போடப் போறாங்க?” என்கிறாள் மகள். கேள்வி நியாயம்தான். ஆனால் கோவிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் சாமி எழுந்து வந்து பேசும் என்று நினைத்தா போகிறார்கள்?

வருவது என்னவென்றால், வீட்டு முகவர்களின் துண்டறிக்கைகள். கோட்டு மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய ஒருவர் நிற்பார். உங்கள் புளோக்கில் வீடு வாங்க ஆள் தயார் என்று போட்டிருக்கும். அந்த ஆள் தயாராகக் காத்திருக்கும் காலத்தைக் கணக்குப் பார்த்தால் இந்நேரம் அவருக்கும் என் வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கடுத்து ஏர்கான் கழுவுகிறவர்கள், துணைப்பாட வகுப்புக்காரர்கள், பீட்சா. இவற்றைப் போடுவதற்கென்றே பக்கத்தில் ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். பெட்டியிலிருந்து தொட்டிக்கு இரண்டடி. அந்தக் காகிதங்களின் ஆயுள் அவ்வளவுதான்.

அரசாங்கம் மட்டும் அவ்வப்போது நம்மை நினைத்துக்கொள்ளும். 2021 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி வீட்டுக்கு ஆறு கொவிட் பரிசோதனைக் கருவிகள் பெட்டிக்குள் வந்து விழுந்தன. தேர்தல் வந்தால் வாக்கு அட்டை வரும், வேட்பாளர்கள் நான்கு மொழிகளில் சிரித்தபடி வருவார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று உண்டு: பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை. மாதிரியை வீட்டிலேயே எடுத்து, குழாயில் அடைத்து, கொடுத்திருக்கும் உறையில் போட்டுத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். ஸ்டாம்பு ஒட்ட வேண்டியதில்லை. “பொண்டாட்டிக்குக்கூட ஒரு லெட்டர் எழுதினதில்லைடா நான். கடைசியில தபால்ல போட்டது இதைத்தான்” என்று ஒரு நண்பன் வருத்தப்பட்டான். நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். தபால்காரர்கள் மீது எனக்கிருந்த மரியாதைதான் கூடிவிட்டது.

ஸ்டாம்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2023 அக்டோபர் 9ஆம் தேதி சாதாரணக் கடிதத்துக்கான கட்டணம் 31 காசிலிருந்து 51 காசுக்கு ஏறியது. வலி தெரியாமல் இருக்க, வீட்டுக்குப் பத்து ஸ்டாம்பு கொண்ட சிறு புத்தகம் ஒன்றைப் பெட்டியிலேயே போட்டார்கள். ‘ஃபர்ஸ்ட் லோக்கல்’ வகை. விலை அச்சடித்திருக்காது, நாளைக்குக் கட்டணம் எவ்வளவு ஏறினாலும் செல்லும். அந்தக் காலத்தில் இப்படித் தங்கத்தை யாராவது கொடுத்திருக்கக் கூடாதா! பேரன் அதைப் பார்த்து “தாத்தா, ஸ்டிக்கர்!” என்று ஒன்றை உரித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டான். எங்கள் ஃபிரிட்ஜைச் சிங்கப்பூருக்குள் எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், எடை மட்டும்தான் இடிக்கும். மற்றவற்றை யாருக்கு ஒட்டுவது என்று நானும் மனைவியும் உட்கார்ந்து யோசித்தோம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இல்லாதவர்கள் போய்ச்சேர்ந்துவிட்டார்கள்.

என் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி வந்தவர். சாங்கியில் வெள்ளைக்காரர்களின் விமானப்படை முகாமில் வேலை. ஊரிலிருந்து அவருக்கு வந்த கடிதமும் கப்பலில்தான் வரும். மாடு செத்துப்போன சேதி இங்கே வந்து சேருவதற்குள் அங்கே புது மாடு வாங்கி அது கன்றும் போட்டிருக்கும். அதனால் அப்பா எதற்கும் பதறியதே இல்லை. சேதியைப் படிப்பார், ‘சரி, இந்நேரம் ஏதாவது செய்திருப்பார்கள்’ என்று மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். அவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்ததில்லை. எனக்கு இருக்கிறது, என் தம்பி மகன் வாட்ஸ்அப்பில் எல்லாச் சேதியையும் சுடச்சுட அனுப்புகிறான்.

பிறகு விமானத் தபால் வந்து, 1981இல் விமான நிலையமும் எங்கள் சாங்கிக்கே வந்தது. ஊர்க் கடிதம் எங்கள் தலைக்கு மேலேயே பறந்து வந்து இறங்கும். இறங்கியதும் நேரே எங்கள் பெட்டிக்கு வந்துவிடாது. பாய லேபாரில் இருக்கும் சிங்போஸ்ட் சென்டருக்குப் போய், இயந்திரத்தில் தரம் பிரிந்து, மறுபடி சாங்கிக்கு வரும். கடல் தாண்டி வந்தவனை வாசலில் நிறுத்திவைத்து, போய் நம்பர் வாங்கிக்கொண்டு வா என்று அனுப்புகிற முறை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவு நல்லது என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

நிஜமாகவே தவறாமல் வந்த கடிதம் ஒன்றுண்டு, அது பில். பெரியவர்கள் இன்னமும் ‘பியூபி பில்’ என்றுதான் சொல்வார்கள், அனுப்புவது எஸ்பி குழுமமாக மாறி எத்தனையோ காலமாகியும். மின்சாரம், தண்ணீர், எரிவாயு, குப்பை எல்லாம் ஒரே தாளில். தமிழ்நாட்டில் இருப்பதுபோல மின்சாரத்துக்கு ஒருவரையும் தண்ணீருக்கு இன்னொருவரையும் தனித்தனியாகத் திட்டுகிற வசதி கிடையாது. அக்கம்பக்கத்துச் சராசரி எவ்வளவு, நீ எவ்வளவு என்று படம் போட்டுக் காட்டுவார்கள். என் மனைவி தொகையைப் பார்க்கவே மாட்டாள். பக்கத்து வீட்டைவிடக் குறைவா என்பதுதான் அவளுக்கு முக்கியம்.

அந்த பில்லுக்குச் செக் எழுதுவது ஒரு சடங்கு. ஞாயிற்றுக்கிழமை, பசியாறிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நல்ல பேனாவாக எடுத்துக்கொண்டு உட்காருவேன். இடது மூலையில் இரண்டு கோடு. ‘பேரர்’ என்ற சொல்லை அடிக்க வேண்டும். தொகையை எழுத்தால் எழுதி, ‘ஒன்லி’ போட்டு, அதன்பின் தாளின் விளிம்பு வரை ஒரு கோடு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் எவனாவது நடுவில் ஓர் ஆயிரத்தைச் செருகிவிடுவான் என்று அப்பா சொல்லிக்கொடுத்தது. மின்சாரக் கம்பெனி ஏன் என் செக்கில் ஆயிரம் செருகப்போகிறது என்று நான் அவரைக் கேட்டதில்லை. அடிக்கட்டையில் குறித்துக்கொண்டு, கையெழுத்து. ஒருதரம் ஒரு வங்கி கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியது. அவர்கள் ஒப்பிட்டது நான் கல்யாணத்துக்கு முன்னால் போட்டுக் கொடுத்த கையெழுத்தோடு. அந்த ஆளே பொருந்த மாட்டான், அவன் கையெழுத்து எப்படிப் பொருந்தும்?

உறையை ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டு, விழுந்ததா என்று மூடியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு வந்தால் ஓர் ஆறுதல். கடன் தீர்ந்தது. பணமும் இன்னும் நம் கணக்கில்தான் இருக்கிறது. ஞாயிறு ஒரு நாள், தபால் போக ஒரு நாள், அவர்கள் வங்கியில் போட ஒரு நாள், அது தீர்வாக மறுவேலைநாள். அந்த இடைப்பட்ட நாட்களில் கொடுத்தவனும் பணக்காரன், வாங்கப்போகிறவனும் பணக்காரன். இப்படி ஒரே பணத்தை வைத்து இரண்டு பேர் நிம்மதியாகத் தூங்கிய ஏற்பாடு வேறு ஏதாவது உண்டா?

இதன் முழு அழகையும் பார்க்க வேண்டுமானால் வியாபாரிகளிடம் போக வேண்டும். தெம்பனிஸில் டௌன்டவுன் ரயில் ஏறினால் நேரே லிட்டில் இந்தியா. தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் அண்ணன் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பருப்பு, மிளகாய், ஊறுகாய் எல்லாம் கடனுக்கு வரும், செக்காகப் போகும். கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் தொலைபேசியில் பேசுவதைக் கேட்பதே தனிச் சுகம்.

“அண்ணே, நம்ம செக்கு?”

“நேத்தே போஸ்ட் பண்ணியாச்சே தம்பி, இன்னும் வரலையா?” குரலில் நிஜமான கவலை இருக்கும்.

“வரலைண்ணே.”

“என்ன தபாலோ போ. இன்னிக்கு ஒருநாள் பெட்டியைப் பாரு.”

செக் அப்போது அவர் மேஜை டிராயரில், கையெழுத்துப் போடாமல் இருக்கும். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுமுனையில் இருப்பவருக்கும் அது தெரியும், ஏனென்றால் தனக்குச் சரக்குக் கொடுத்தவரிடம் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார். சிராங்கூன் ரோட்டின் பாதி வியாபாரம் இல்லாத தபால்களின் மேல் நின்றது. வசூலுக்கு வந்தவரும் மானத்தோடு போனார், கொடுக்க முடியாதவரும் மானத்தோடு இருந்தார். பழி தபால்காரர் மேல் விழும். அவர் பாவம், வெயிலில் எங்கோ நடந்துகொண்டிருப்பார்.

2017 ஜூலையில் பேநவ் வந்தது. கைபேசி எண் இருந்தால் போதும், நொடியில் பணம் போய்ச் சேரும். நொடியில் என்பதில்தான் வினை. இப்போது தம்பிமார்கள் ‘சரிண்ணே’ என்று ஃபோனை வைப்பதில்லை. “அனுப்புங்கண்ணே, லைன்லயே இருக்கேன்” என்கிறார்கள். அண்ணனுக்கு முதல் தடவை வியர்த்துவிட்டது. லைனில் ஒருவன் மூச்சு விட்டுக்கொண்டு காத்திருக்கும்போது எந்தப் பொய் வாயில் வரும்?

மொய்யையும் இது விடவில்லை. கவரில் வைத்துக் கொடுத்த காலத்தில் வீட்டுக்காரர் அதைப் பிரிப்பதற்குள் நாம் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்து, வெற்றிலையும் போட்டு, வீடு வந்து சேர்ந்திருப்போம். இப்போது சில மண்டபங்களில் வாசலிலேயே கியூஆர் வைத்திருக்கிறார்கள். நாம் தட்டிய மறுகணம் மணமகனின் அப்பா சட்டைப்பையில் ‘டிங்’. எடுத்துப் பார்த்துவிட்டு நம்மைப் பார்க்கிறார். அந்தப் பார்வையோடு எப்படிப் போய் இலையில் உட்காருவது?

2016இல் சிங்கப்பூரில் புழங்கிய செக்குகள் 61 மில்லியன். 2022இல் 19 மில்லியனுக்கும் கீழே. 2023 நவம்பரிலிருந்து உள்ளூர்ச் செக்குகளுக்குப் பெரிய வங்கிகள் கட்டணம் போடத் தொடங்கின. நிறுவனங்களின் செக்குகளை 2025 முடிவோடு ஒழித்துவிடுவது என்று நாணய ஆணையம் கெடு வைத்தது. பிறகு அந்தக் கெடுவையும் ஓராண்டு தள்ளி 2026 கடைசிக்குக் கொண்டுபோனார்கள். சாவையே தவணை கேட்டுத் தள்ளிவைக்கத் தெரிந்தது செக் ஒன்றுதான். வாழ்நாளெல்லாம் பழகிய தொழிலல்லவா.

ஏன் இன்னும் செக்கை விடமாட்டேன் என்கிறார்கள் என்று பார்த்தால், வியாபாரிகளுக்குப் பிடித்தமானது அந்தக் காகிதம் இல்லையாம். பின்தேதி போட முடிகிறதே, அதுதானாம்! இதை முதலிலேயே எங்கள் அண்ணனிடம் கேட்டிருந்தால் ஒரு காப்பிக் காசோடு முடிந்திருக்கும். அதற்காகவே 2025இல் ‘இடிபி’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கே அனுப்பிவிடலாம், பணம் குறிப்பிட்ட தேதியில்தான் போகும். அதிலேயே இன்னொரு வகையில், எழுதும்போதே தொகையைக் கணக்கிலிருந்து எடுத்து வைத்துவிடுவார்களாம். அதைக் கேட்டதும் அண்ணன் முகம் சுருங்கியது. “அப்படின்னா அதுக்குப் பேர் என்ன தவணை? பணத்தைப் புடுங்கி வச்சிக்கிட்டு நாளைக்குத் தர்றேங்கறான்!” என்றார். முதல் வகையை மட்டும் மகனிடம் விசாரிக்கச் சொன்னார்.

போன வாரம் நான் கடையில் இருந்தபோது மறுபடி அந்தத் தம்பியின் அழைப்பு வந்தது.

“அண்ணே, இன்வாய்ஸ் அனுப்பினேனே, பார்த்தீங்களா? லைன்லயே இருக்கேன்.”

“பார்த்தேன் தம்பி. உனக்குப் போடலாம்னுதான் ஃபோனை எடுத்தேன். ஆப் அப்டேட் பண்ணச் சொல்லுது. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பையன்தான் பார்ப்பான்.”

“பையன்கிட்ட குடுங்கண்ணே, நான் சொல்லித் தர்றேன்.”

“அவன் ஊருக்குப் போயிருக்கான் தம்பி. தீபாவளி முடிஞ்சுதான் வருவான்.” குரலில் அதே பழைய, நிஜமான கவலை.

மகன் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அப்பாவுக்கு வாங்கி வந்த காப்பியில் சர்க்கரை கம்மியா என்று ஒரு வாய் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.